ரிட்டயர் ஆன பிறகு பாத்துக்கலாமா?

கேள்வி: எனக்கு 52 வயசு. வீட்டுக்காரருக்கு 57, சுகர் இருக்கு. நியூஜெர்சியில இருக்கற அக்கா, வயசான காலத்துல பார்த்துக்க ஆள் வெக்கற செலவுக்குன்னே இன்சூரன்ஸ் எடுத்துட்டாங்க, என்னையும் எடுக்கச் சொல்றாங்க. இவரோ ரிட்டயர் ஆகட்டும்ங்கறார். எப்போ எடுக்கறது?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: ரிட்டயர்மென்ட் வரைக்கும் தள்ளாதீங்கம்மா, தயவுசெஞ்சு. அக்கா எடுத்திருக்கற மாதிரி பாலிசியில குளிக்கறது, துணி மாத்தறது, சாப்பிடறதுன்னு ஆறு வேலை வெச்சிருப்பாங்க, அதுல ரெண்டு தானா செய்ய முடியலன்னாலோ ஞாபகமறதி நோய் முத்திட்டாலோ பணம் வரும். அந்த மாதிரி தனி பாலிசி நம்ம ஊர்ல சாதாரணமா கிடைக்கறதில்ல. இங்க நாம எடுக்கறது ஹெல்த் பாலிசி, அது ஆஸ்பத்திரி செலவுக்கு, டிஸ்சார்ஜ் ஆனப்புறம் ரெண்டு மூணு மாசம் மருந்து டெஸ்ட்டுக்குக் கொடுப்பாங்க, ஆனா வீட்டுல தூக்கி உக்கார வெச்சு குளிப்பாட்டற அட்டெண்டர் சம்பளம் அதுல வராது. இது தெரியாம நிறைய குடும்பம் கடைசியில திண்டாடுது.

அதனால ஆஸ்பத்திரி செலவு, பார்த்துக்கற ஆள் செலவு ரெண்டையும் தனித்தனியா பாருங்க. ஹெல்த் பாலிசி இப்பவே, இந்த மாசமே. 2024-லேர்ந்து 65 வயசுக்கு மேலயும் புதுசா எடுக்கலாம்னு ஆகிடுச்சு, உண்மைதான், ஆனா உங்களுக்கு முக்கியம் வயசு இல்ல, டாக்டர் எழுதற முதல் மாத்திரைச் சீட்டு. அது வர்றதுக்கு முன்னாடி எடுத்துடணும். அவரோட சுகர் மாதிரி ஏற்கனவே இருக்கற நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் வெயிட்டிங் போடலாம், அதாவது அதுவரைக்கும் அந்த நோயால வர்ற செலவைக் கொடுக்க மாட்டாங்க. இப்போ ஆரம்பிச்சா 60-க்குள்ள அது முடிஞ்சிடும், ஆபீஸ் இன்சூரன்ஸ் நிக்கற நேரத்துல இது கையில இருக்கும். 60-ல ஆரம்பிச்சா 63 வரைக்கும் சுகரால வர்ற செலவெல்லாம் உங்க தலையில.

பார்த்துக்கற ஆளுக்கான பணம் வேற. ரிட்டயர்மென்ட் பணம் வந்ததும் ஒரு பங்கை சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துல போடுங்க, ஒருத்தருக்கு 30 லட்சம் வரைக்கும் போடலாம், மூணு மாசத்துக்கு ஒருதரம் வட்டி வரும். அந்த ரிட்டயர்மென்ட் பணத்துல கொஞ்சம் உங்க பேர்ல தனியா இருக்கணும்மா. பெரும்பாலும் மனைவிதான் வயசுல சின்னவங்க, அவரை நீங்க பார்த்துப்பீங்க, உங்களைப் பார்த்துக்க யாருன்னு வீட்டுல ஒருத்தரும் கேக்கறதில்ல.

ஃபார்மை ஏஜென்ட் கையில விடாதீங்க, சுகர், பிபி எதையும் மறைக்காம நீங்களே உக்காந்து எழுதுங்க. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள்ள முழுசா படிங்க, சரியில்லன்னா திருப்பிக் கொடுத்துடலாம்.