வலது கை ஏன் மூடியே இருக்கிறது?

ஏழு மாதமாகியும் உட்காரவில்லை, தவழவில்லை என்ற கவலையை விடுங்கள். கடிதத்தின் கடைசியில், "தாத்தா மாதிரியே இடது கைப் பழக்கம், வலது கையை மூடியேதான் வைத்திருப்பான்" என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்.

ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தைக்கும் ஒரு கையை மட்டுமே பயன்படுத்தும் பழக்கம் வரக்கூடாது. அது தெளிவாவது இரண்டு, மூன்று வயதில். பிறந்த குழந்தை கையை மூடித்தான் வைத்திருக்கும்; ஆனால் நான்கு மாதத்துக்குள் விரல்கள் விரியத் தொடங்கியிருக்க வேண்டும். குழந்தையை மடியில் நேராக வைத்து, இடது கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, வலப்பக்கம் பொம்மையைக் காட்டுங்கள். கை நீள்கிறதா? கட்டைவிரல் உள்ளங்கைக்குள்ளேயே மடங்கிக் கிடக்கிறதா? போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவரைக் கண்டதும் அழுதுவிட்டால் உதவும். கை நீண்டாலும் சரி, நீளாவிட்டாலும் சரி, இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட வார்த்தை மூளை முடக்குவாதம்தானே, அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு தடைபடுவது? இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பிரசவத்தில் தோள் நரம்பு இழுபட்டிருந்தாலும் ஒரு கை இப்படி ஒதுங்கும். எது காரணம் என்பதைத் தேடுபொறி சொல்லாது, தொட்டுப் பார்ப்பவர்தான் சொல்ல முடியும். கைக்குழந்தைகளின் நரம்பு இயக்கத்தைப் பார்க்க ஹேமர்ஸ்மித் பரிசோதனை என்று ஒன்று உண்டு: 26 அம்சங்கள், மொத்தம் 78 மதிப்பெண். ஊசி கிடையாது. தூக்கி, சாய்த்து, கையை நீட்டவிட்டு, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். பத்து நிமிட வேலை. முன்பெல்லாம் நோய்க்குப் பெயர் வைக்கவே ஒன்று, இரண்டு வயதுவரை காத்திருந்தோம். இப்போது சந்தேகம் வந்தாலே, அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் அனுப்பிவிடுகிறோம். பயன்படுத்தாத கையை மூளை மெல்ல மெல்ல ஒதுக்கிவிடும், அதனால்தான் இந்த அவசரம்.

மற்றவற்றுக்கு வருகிறேன். ஆறு வாரம் முன்னதாகப் பிறந்தவன், ஆகவே பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட்டால் அவனுக்கு ஐந்தரை மாதம்தான். தனியாக உட்கார ஒன்பது மாதம்வரைகூட ஆகலாம். தவழாமலே நடந்துவிடும் குழந்தைகளும் உண்டு. வாக்கர் வேண்டவே வேண்டாம். 'மூளை வளர்ச்சிச் சொட்டு மருந்து' யாரைக் கேட்டு வாங்கினீர்கள்? அதைக் குடித்து எந்தக் கையும் விரியாது, நிறுத்துங்கள். அப்புறம், வீடியோவில் பார்த்தபடி இடது கையில் உறை மாட்டிக் கட்டிவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு சிகிச்சை நிஜமாகவே இருக்கிறது. ஆனால் எவ்வளவு நேரம், எந்த விளையாட்டோடு என்பதைத் தெரபிஸ்ட் சொல்லட்டும். அதுவரை இடது கையைக் கட்டிவைக்காதீர்கள்.