இரண்டு நிமிஷக் குதிரைக்குப் பெரிய திரை எதற்கு?

குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து இளைஞர் மன்றச் செயலாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். உலகக் கோப்பை கால்பந்து வந்தால் குருசடி முன்னால் திரை கட்டி, புரொஜக்டர் வைத்து ஊருக்கே காட்டுகிறவர்கள். துபாயில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய பெரியப்பா ஒருவர், “ஒரு தடவை குதிரை ரேஸ் போடுங்கலே” என்று விடாமல் கேட்கிறாராம். அங்கே மெய்தான் என்ற குதிரைப் பந்தய மைதானத்தில் நேரில் பார்த்தவர். பையன்களோ, “ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும், எந்தக் குதிரை எதுன்னே தெரியாது, யாரு பாப்பா?” என்கிறார்கள். போடலாமா, போட்டால் எதைப் போடுவது, சூதாட்டம் என்று பிரச்சினை வருமா? இதுதான் கேள்வி.

போடலாம் தம்பி. ஆனால் முதல் தடவையே பெரியப்பாவின் பந்தயத்தைப் போடாதீர்கள்.

விளையாட்டு ஒளிபரப்பில் எடிட்டிங் மேசையில் கொஞ்ச காலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பையன்கள் சொல்வதில் தப்பே இல்லை. கால்பந்துக்கு உங்கள் ஊரில் பாதிப் பேர் அர்ஜென்டினா, பாதிப் பேர் பிரேசில். பிளெக்ஸ் கட்டும்போதே சண்டை தொடங்கிவிடும், பந்து உருளுவதெல்லாம் அப்புறம். குதிரைப் பந்தயத்தில் யாருக்கும் சொந்தக் குதிரை கிடையாது. உங்களுக்கென்று ஒன்றைப் பிடித்துக் கையில் கொடுப்பதுதான் டிவிக்காரர்களின் முழு வேலையும். அமெரிக்காவில் கென்டக்கி டெர்பி ஓடி முடிய இரண்டு நிமிஷம்தான் ஆகும், ஒளிபரப்போ மணிக்கணக்கில் நீளும். சொற்ப விலைக்கு வாங்கிய குதிரை, எலும்பு முறிந்து மறுபடி ஏறிய ஜாக்கி, தொப்பி போட்ட சீமாட்டிகள் என்று காட்டிக்கொண்டே இருப்பார்கள். ஓட்டத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடத்தில் கேமரா காதையும் கழுத்து வியர்வையையும் விட்டு நகராது. அதற்குள் நீங்கள் ஒன்றை மனசில் எடுத்து வைத்திருப்பீர்கள்.

2022 டெர்பியின் வீடியோவைத் தேடி பையன்களுக்கு ஒரு தடவை காட்டுங்கள். ரிச் ஸ்ட்ரைக் என்ற குதிரைக்கு ஓட இடம் கிடைத்ததே முந்தின நாள்தான், இன்னொரு குதிரை விலகிக்கொண்டதால். பந்தயம் கட்டுகிறவர்களுக்கு ஒன்றுக்கு எண்பது கிடைக்கும் என்ற விலை, அதாவது யாரும் சீந்தவில்லை. கடைசி நேர் ஓட்டத்தில் எபிசென்டரும் ஜான்டனும் முட்டிக்கொண்டு வருகின்றன, வர்ணனையாளரின் வாயிலும் அந்த இரண்டு பெயர்கள்தான். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் உள்கம்பி ஓரமாக ஒன்று முளைக்கிறது, அப்போதுதான் அவரும் அதன் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். பிறகு மேலிருந்து எடுத்த காட்சியைப் பாருங்கள். கூட்டத்துக்குள் நுழைந்து, தளர்ந்துபோன ஒரு குதிரையைச் சுற்றி வெளியே வந்து, திரும்பவும் கம்பியோரம் போகிறது, வடசேரி சந்தை நெரிசலில் பைக் ஓட்டுகிறவனைப் போல. நேரில் பார்த்த கூட்டத்துக்குக்கூட இது இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. டிவியின் பலம் அதுதான்.

ஆனால் டெர்பி நமக்கு ஞாயிறு விடியற்காலை நாலரை மணிவாக்கில் வரும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பை நவம்பர் முதல் செவ்வாய், நமக்குக் காலை ஒன்பதரை, வேலைக்குப் போகிற நேரம். பெரியப்பாவின் துபாய் உலகக் கோப்பை மார்ச் கடைசியில், 2000 மீட்டர். வெகுநேரம் காத்திருந்து, திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும்.

உங்களுக்குத் தோதானது இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல். லிவர்பூல் பக்கம் எய்ன்ட்ரீயில், ஏப்ரல் மாதச் சனிக்கிழமை ஒன்றில் நடக்கும். இப்போது அங்கே மாலை நான்கு மணிக்கு விடுகிறார்கள், நமக்கு இரவு எட்டரை. மறுநாள் கடலுக்குப் போக வேண்டாம், திரைக்கும் நல்ல இருட்டு. (தவக்காலத்தில் விழுந்தால் பங்குத்தந்தையிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.) ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம், 30 வேலி தாண்டல், 34 குதிரைகள், ஒன்பது பத்து நிமிஷம். 1960இல் பிபிசி முதன்முதலாகக் காட்டியதிலிருந்து, மற்ற நாளில் குதிரையைத் திரும்பிப் பார்க்காதவர்கள்கூட அங்கே இதற்காக டிவி முன் உட்காருகிறார்கள்.

அதற்குக் காரணம் சீட்டுக் குலுக்கல்தான். அங்கே அலுவலகங்களிலும் வீடுகளிலும் குதிரைப் பெயர்களைத் துண்டுத்தாளில் எழுதிக் குலுக்கி எடுத்துக்கொள்வார்கள். நீங்களும் செய்யுங்கள். இறுதிப் பட்டியல் இரண்டு நாள் முன்பே வந்துவிடும். சீட்டில் பெயரை மட்டும் எழுதினால் ஒன்றும் புரியாது, ஜாக்கியின் சட்டை நிறத்தையும் எழுதுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. சட்டை நிறம் குதிரைச் சொந்தக்காரருடையது. ஒருவருக்கே நாலைந்து குதிரை இருந்தால் எல்லாருக்கும் ஒரே சட்டைதான், தொப்பி மட்டும் மாறும். பச்சையும் மஞ்சளும் பட்டை போட்ட சட்டையை அடிக்கடி பார்ப்பீர்கள், அங்கே தொப்பியைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஆள் விழுந்த குதிரை தனியாக ஓடி முதலில் வந்தாலும் செல்லாது, இதையும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள், இல்லையென்றால் அடிதடிதான்.

பின்தங்கினாலும் சீட்டைக் கிழிக்க வேண்டாம். 1967இல் இருபத்து மூன்றாவது வேலியில் குதிரைகள் ஒன்றின்மேல் ஒன்று முட்டி நின்றுவிட, வெகுதூரம் பின்னால் வந்த ஃபோய்னாவன் மட்டும் ஒதுங்கித் தாண்டி ஜெயித்துவிட்டது. விலை ஒன்றுக்கு நூறு. அந்த வேலிக்கே இப்போது அதன் பெயர்.

வர்ணனை ஆங்கிலத்தில் ஓடட்டும். உங்கள் மன்றத்தில் மைக் பிடிக்கிற பையன் இடையிடையே முன்னால் எது, விழுந்தது எது, அது யாருடைய சீட்டு என்று மட்டும் சொன்னால் போதும். நெட்டில் வரும் படம் பல நொடி பிந்தும், அதனால் ஓடும்போது யாரும் செல்போனில் முடிவைத் தேடக் கூடாது. குதிரைகள் விழும், சில சமயம் சாகவும் செய்யும். அதற்காகத்தான் 2024 முதல் 40 குதிரையை 34 ஆக்கினார்கள். பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைக்கும்முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

காசு விஷயத்தில் கறாராக இருங்கள். சீட்டுக்குப் பத்து ரூபாய் என்று வசூலித்துக் குலுக்கினால் அது லாட்டரிக் கணக்கில் போய் விழும், தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. களியக்காவிளை தாண்டினால் டிக்கெட் கிடைக்கிறது என்ற நியாயம் இங்கே எடுபடாது. சீட்டு இலவசம், ஜெயித்தவருக்கு மன்றத்தின் செலவில் ஒரு மட்டிப்பழக் குலை, அவ்வளவுதான். “பந்தயம் கட்டலாம்” என்று வரும் ஆப் லிங்க் எதையும் திரையில் காட்டாதீர்கள். ஒளிபரப்பு உரிமை வருஷத்துக்கு வருஷம் கைமாறும், வீட்டுச் சந்தா ஊர் முழுக்கக் காட்டுவதற்கு ஆனதும் அல்ல. உரிமை வைத்திருப்பவருக்கு ஒரு மாதம் முன்பே எழுதி அனுமதி கேளுங்கள்.

எட்டு மணிக்குத் தொடங்கிவிடுங்கள். முதல் பத்து நிமிஷம் மைக்கைப் பெரியப்பாவிடம் கொடுங்கள், மெய்தான் கதையைச் சொல்லட்டும். அவருக்கும் ஒரு சீட்டு. முதல் வேலியிலேயே அவர் குதிரை விழுந்தால் இன்னொன்று கேட்பார், கொடுத்துவிடாதீர்கள்.