பட்டனுக்குக் கழுத்து

வணக்கம்.

உங்கள் 'பட்டன் டப்பா' கட்டுரையைப் படித்ததிலிருந்து நானும் ஊசியும் கையுமாக இருக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். மனைவி வேலைக்குப் போகிறார். நான் வேலையை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். காலை ஐந்தரை முதல் இரவு பத்து வரை கால் மணிக் கட்டங்களாக அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அப்படியும் எதுவும் உருப்படியாக வரவில்லை.

நான் தைக்கிற பட்டன் இரண்டு வாரத்தில் துணியோடு பிய்ந்து வருகிறது. இத்தனைக்கும் நைலான் நூலில் இறுக்கித்தான் தைக்கிறேன். சமையல் குறிப்பில் 'வெங்காயம் பொன்னிறமாகும் வரை, ஐந்து நிமிடம்' என்று இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஒன்று வெளுத்துக் கிடக்கிறது, இல்லை கருகிவிடுகிறது. நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று காலையிலேயே சோறு ஆக்கி மேடையில் மூடி வைத்து ராத்திரி சூடு பண்ணுகிறேன். அம்மா "பூண்டு நான் உரிக்கிறேனே" என்கிறார். அரை மணி நேரத்தில் நாலு பல். வாங்கி நானே உரித்துவிட்டேன். இரண்டு நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. போன வாரம் பழைய நண்பர் ஒருவர், "இப்ப என்ன வேலை பார்க்கிறே?" என்று கேட்டார். பதில் வரவில்லை. எங்கே தப்பு பண்ணுகிறேன்?

ச.

அன்புள்ள ச.,

பட்டனிலிருந்து ஆரம்பிக்கிறேன். எனக்குத் தைரியமாகப் பேச வருவது அது ஒன்றுதான்.

முதலில் அந்த நைலான் நூலைத் தூக்கி உள்ளே வையுங்கள். தைக்கிற நூல் துணியைவிடக் கொஞ்சம் பலம் குறைந்ததாக இருக்க வேண்டும். பட்டன் எங்காவது மாட்டி இழுபடும்போது இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். நூல் அறுந்தால் ஐந்து நிமிட வேலை. துணி கிழிந்தால் பின்னால் ஒட்டு வைத்து, இழை ஓட்டி, அப்படியும் தழும்பு தெரியும். பருத்திச் சட்டைக்குச் சாதாரணத் தையல் நூல் போதும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு அளவு, ஏறக்குறைய 45 செ.மீ. அதற்கு மேல் நீட்டினால் வழியெல்லாம் சிக்கு விழும்.

இரண்டாவது, இறுக்கம். பட்டனைத் துணியோடு ஒட்டித் தைத்துவிட்டால் காஜா உட்கார இடம் ஏது? காஜா இருக்கிற பக்கத்துத் துணிக்கும் ஒரு கனம் உண்டு. பட்டனுக்கு அடியில் அது நுழைந்து உட்கார வேண்டும். இடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை பூட்டும்போதும் அது நெம்பி நெம்பி அடித்துணியைத்தான் பிய்க்கும். அதனால் பட்டனுக்கு மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, குச்சிக்கு மேலாக நூலை ஓட்டித் தையுங்கள். ஒவ்வொரு ஜோடித் துளையிலும் மூன்று நான்கு ஓட்டம். பிறகு குச்சியை உருவிவிட்டுப் பட்டனை மேலே தூக்கினால் துணிக்கும் பட்டனுக்கும் நடுவே நூல் தளர்ந்து தெரியும். கடைசிச் சுற்றில் ஊசியை அந்த இடைவெளிக்குள் கொண்டுவந்து, அந்தத் தளர்ந்த நூலைச் சுற்றி ஐந்தாறு தரம் சுற்றுங்கள். கழுத்து மாதிரி ஒன்று உருவாகும். ஊசியை அடிப்பக்கம் இறக்கி முடிச்சுப் போட்டுவிடுங்கள். கோட்டு மாதிரித் தடித்த துணி என்றால் கழுத்து இன்னும் உயரமாக வேண்டும். அதற்கு உள்பக்கம் ஒரு குட்டிப் பட்டனையும் சேர்த்துத் தைத்தால் இழுப்பு முழுவதும் துணிமேல் விழாது.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு அவமானத்தில். அப்பாவின் சட்டைக்கு என் பதினான்கு வயதில் கல் மாதிரி ஒரு பட்டன் தைத்துக் கொடுத்தேன். அவர் வெளியே கிளம்பும் அவசரத்தில் பூட்டினார். பட்டன் கையோடு வந்துவிட்டது, கூடவே நாலணா அளவுக்குத் துணியும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேறு சட்டை போட்டுக்கொண்டு போனார்.

வெங்காயத்தில் தப்பு உங்களுடையது இல்லை, குறிப்பு எழுதியவருடையது. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் வற்றும் வரை சட்டிக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நிறம் மாறுவதோ 140 டிகிரி வாக்கில்தான் வேகம் பிடிக்கும். அந்த மாற்றத்தை 1912-ல் விளக்கியவர் லூயி கமில் மய்யார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அவர் பெயரில்தான் அது இன்றும் வழங்குகிறது. ஐந்து நிமிடத்தில் வெங்காயம் வதங்கும், அவ்வளவுதான். முழுக்கப் பொன்னிறம் வேண்டுமானால் சிறு தீயில் அரை மணி, முக்கால் மணி. முதலிலேயே ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் வெளியே வரும். தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடு வெந்திருக்காது. உங்கள் அட்டவணையில் இதற்கு மூன்று கட்டம் ஒதுக்குங்கள், அல்லது வதங்கிய வெங்காயத்தோடு திருப்திப்படுங்கள். நான் பெரும்பாலும் இரண்டாவது ரகம்.

சோறு விஷயத்தில் மட்டும் கறாராகச் சொல்கிறேன். இதை இன்றைக்கே நிறுத்துங்கள். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். ராத்திரி நீங்கள் எவ்வளவு சூடு பண்ணினாலும், வாந்தி உண்டாக்குகிற அந்த நஞ்சு அழியாது. காலையில்தான் ஆக்கியாக வேண்டும் என்றால், அகலமான தட்டில் பரப்பி ஆற வைத்து ஒரு மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். உங்களுக்கு ஒரு வாந்தியோடு போகும். எலும்பு முறிந்து தேறிவரும் வயதான உடம்புக்கு அது பெரிய அடி.

சரி, பூண்டு.

உங்கள் அட்டவணையைப் பற்றிப் படித்தபோது ஒரு சமையலறை ஞாபகம் வந்தது. 1926-ல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயில் சாப்பாட்டுப் பெட்டியின் சமையலறை அவருக்கு ஒரு முன்மாதிரி. அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே எத்தனை அடி நடக்கிறோம், எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஆலையில் கணக்குப் பார்ப்பதுபோலப் பார்த்துச் செய்தது. ஏறக்குறைய 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். இன்றைக்கு நாம் பார்க்கிற மேடையும் அலமாரியும் சேர்ந்த சமையலறைகளுக்கு அதுவே பாட்டி. அதில் ஒரே ஒரு குறை: இன்னொருவர் உள்ளே வந்தால் நிற்க இடம் இல்லை. சுழலும் ஸ்டூல் ஒன்று உண்டு. ஒன்றே ஒன்று. பிள்ளையோ பெரியவரோ பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது நறுக்கிக்கொண்டே பேச வழி இல்லை. அதற்கு முன் தான் சமைத்ததே இல்லை என்று அந்த அம்மையாரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

உங்கள் அட்டவணையிலும் ஸ்டூல் ஒன்றுதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என் அம்மாவுக்குக் கடைசி நான்கு வருடம் கை நடுங்கும். பட்டாணி உரிக்கிறேன் என்று உட்காருவார். ஒரு தோலைப் பிளக்க ஒரு நிமிடம், உள்ளே இருக்கிற மணிகளில் பாதி தரையில் ஓடும். ஒரு நாள் எனக்கு அவசரம். "குடும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று கிண்ணத்தை இழுத்துக்கொண்டேன். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை, அன்பாகத்தான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் மடியில் இருந்த துண்டின் முனையை மடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடி மடிக்கிறார். விரல்களுக்கு வேலை வேண்டியிருந்தது. நான் பிடுங்கியது பட்டாணிக் கிண்ணம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு ஒரு வழி பிடிபட்டது. நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே கொடுத்துவிடுவது. இன்றைய சமையலுக்கு நான் உரித்ததும் நறுக்கியதும் தயார். அம்மா உரிப்பது நாளைக்கு. அரை நாள் ஆனாலும் யாருக்கும் தலை போகவில்லை. நான் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். நீங்களும் செய்து பாருங்கள். பூண்டுப் பல்லின் அடிமுனையை நீங்களே சீவிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப் போட்டுக் கொடுத்தால் தோல் தானாக வழன்று வரும். உரித்ததை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

வேலையைப் பிடுங்குவதில் உடம்புக்கும் நஷ்டம் உண்டு. நல்ல ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-ல் வந்தது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. பத்தே நாளில்! பூண்டு உரித்தால் காலில் தசை ஏறாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் சமையலறையில் தனக்கு ஒரு வேலை காத்திருக்கிறது என்றால்தான் மனுஷி கட்டிலை விட்டு எழுந்து வாக்கரைப் பிடித்து அதுவரை நடந்து வருவார். எவ்வளவு நேரம் உட்காரலாம், குனியலாமா என்பதை மட்டும் அவருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இடுப்பு ஆபரேஷனில் ஆளுக்கு ஆள் அது மாறும்.

நண்பருக்குப் பதில் வேண்டுமானால் ஒரு எண் தருகிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, கணக்கெடுத்த 64 நாடுகளில் சம்பளம் இல்லாமல் வீட்டையும் வீட்டாரையும் கவனிக்கப் போகிற நேரம் ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி. 200 கோடிப் பேர் தினமும் எட்டு மணி நேரம் கூலியில்லாமல் உழைக்கிற கணக்கு. அதில் 76.2 சதவீதம் பெண்கள் செய்வது. மிச்சத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். இதையெல்லாம் நண்பரிடம் ஒப்பிக்க வேண்டாம், சும்மா "வீட்ல இருக்கேன், அம்மாவைப் பார்த்துக்கறேன்" என்றாலே போதும். அதற்கப்புறமும் "அது சரி, வேலை?" என்று கேட்டால் அவரை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு வெங்காயம் வதக்கச் சொல்லுங்கள்.

அட்டவணையைக் கிழிக்கச் சொல்லமாட்டேன். மருந்து நேரம், ஃபிரிட்ஜ் நேரம், பயிற்சி நேரம் அதில் இருக்கட்டும். மற்றக் கட்டங்களில் நான்கைந்தை அழித்துவிட்டுக் காலியாக விடுங்கள். எதையும் எழுதாதீர்கள்.

பட்டன் மறுபடி பிய்ந்தால் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் பிய்ந்த இடத்தை வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள், நூல் அறுந்திருக்கிறதா, துணி கிழிந்திருக்கிறதா என்று. நூல் என்றால் நீங்கள் தைத்தது சரி. ஊசி கோக்க அம்மாவைக் கூப்பிட்டுப் பாருங்கள். கண் தெரியாது என்று சொன்னால் துளை பெரிதாக உள்ள ஊசியாக வாங்கிக் கொடுங்கள்.