ரிட்டர்னில் வந்தது பழைய பொருள், பணத்தைக் கழித்தது தளம்: விற்பனையாளர் என்ன செய்யலாம்?

கேள்வி: ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றில் புளூடூத் ஸ்பீக்கர் விற்கிறேன். வேலை செய்யவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் ரிட்டர்ன் போட்டார். திரும்பி வந்த பெட்டியில் வேறு சீரியல் எண் கொண்ட பழைய ஸ்பீக்கர் இருந்தது. தளம் அவருக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு எனக்குத் தர வேண்டிய விற்பனைத் தொகையில் (செட்டில்மென்டில்) கழித்துக்கொண்டது. இழப்பீடு கேட்டு நான் போட்ட கிளெய்மை ‘ஆதாரம் போதாது’ என்று மூடிவிட்டார்கள். இதற்கிடையே இன்னொருவர், ஒலியே வராத ஸ்பீக்கருக்கு மாற்று கேட்கிறார். இனி ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று போட்டுவிடலாமா? தளத்தின் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதை இரண்டாமவர் மீது காட்டாதீர்கள். அங்கே சட்டம் அவர் பக்கம் நிற்கிறது. 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின் 6-வது விதிப்படி, பொருள் பழுதானாலோ, போலியானாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்க முடியாது, பணத்தைத் தரவும் மறுக்க முடியாது. ‘ரிட்டர்ன் கிடையாது’ என்ற ஒற்றை வரி இந்தக் கடமையை அழிக்காது. மனம் மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்பவை இந்த விதிக்குள் வராது. அவற்றுக்குத் தளத்தின் ரிட்டர்ன் கொள்கைதான் பொருந்தும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகப் பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் விற்பனையாளருக்கான விதியே.

தளத்துடனான தகராறு முற்றிலும் வேறு. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழிலுக்கு ஒரு விலக்கு உண்டு என்று சிலர் சொல்வார்கள். அதன் வாசகம் வாங்கிப் பயன்படுத்தும் பொருளைப் பற்றியது, தளத்தின் சேவையை அதற்குள் கொண்டுவருவது கடினம். ஆகவே தளத்தின் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கைகொடுப்பது கடினம். உங்கள் பலம் தளத்துடன் செய்த விற்பனையாளர் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. அந்த ஆர்டர் நடந்த தேதியில் நடைமுறையில் இருந்த ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். கிளெய்ம் போட எத்தனை நாள், என்ன ஆதாரம், எந்த நிலையில் பணம் பிடிக்கலாம், தகராறு நடுவர் தீர்ப்பாயத்துக்கா (ஆர்பிட்ரேஷன்) நீதிமன்றத்துக்கா, எந்த ஊரில் என்று பாருங்கள். பிறகு தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள்: அனுப்பிய சீரியல் எண் இது, திரும்பி வந்தது இது, எந்தப் பிரிவின் கீழ் பணத்தைப் பிடித்தீர்கள்? சாட்டில் புலம்புவதைவிட இந்த ஒரு கேள்வி வலுவானது. பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ், அதன்பின் நடுவர் தீர்ப்பாயமோ உரிமையியல் வழக்கோ. வழக்குத் தொடரப் பொதுவாக மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. ஒரு ஸ்பீக்கருக்காக வழக்குப் போட்டால் செலவுதான் மிஞ்சும், இப்படிக் கழித்தவை பல இருந்தால் ஒன்றாகச் சேர்த்துக் கேளுங்கள்.

இனிமேல் ஆதாரத்தை நீங்களே உருவாக்குங்கள். ரிட்டர்ன் பார்சலைப் பிரிக்கும் முன்பே வீடியோவைத் தொடங்குங்கள். லேபிளில் உள்ள கூரியர் எண், பிரிக்கப்படாத டேப், தராசில் எடை, பிறகு பெட்டியைத் திறந்து சீரியல் எண்ணைக் கேமராவுக்கு அருகில் காட்டுவது, எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் இருக்க வேண்டும். பொருளைப் பேக் செய்யும்போதும் இதே முறைதான். அசல் கோப்பை அப்படியே வையுங்கள், மெசேஜ் ஆப்பில் அனுப்பிச் சுருங்கிய பிரதி மட்டும் போதாது. மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின்படி சான்றிதழும் தேவைப்படும்.

பொருளை வேண்டுமென்றே மாற்றி அனுப்பியது நிரூபணமானால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் (குற்றவியல் தண்டனைச் சட்டம்) 318-வது பிரிவில் வரும் மோசடி. ஆனாலும் அவசரப்பட்டு அந்த முதல் வாடிக்கையாளரைப் போனில் மிரட்டாதீர்கள், அவருடைய பெயரையும் எண்ணையும் எங்கும் வெளியிடாதீர்கள். பொருள் கூரியரிலோ கிடங்கிலோ மாறியிருக்கவும் கூடும்.

வாடிக்கையாளர் யாராவது நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், அவர் வசிக்கும் ஊரிலிருந்தே உங்கள் மீது புகார் தரலாம். நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூலப் பதில் தாக்கல் செய்ய வேண்டும், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் தர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தக் கவரைப் பிரித்த அன்றே வக்கீலைப் பாருங்கள்.