வீடு மலிவாக வருகிறது, ஏரியா மோசமா?

கேள்வி: சிகாகோவின் நார்த் லான்டேலில் பழைய கிரேஸ்டோன் (சாம்பல் நிறக் கல் முகப்பு வைத்த) வீடு ஒன்று மலிவாக வருகிறது. இரண்டு போர்ஷன், மாடியில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். "அங்கே எந்த மாதிரி ஆட்கள்?" என்று கேட்டால் ஏஜென்ட் மழுப்புகிறார். வாங்கலாமா?

பதில்: ஏஜென்டைக் குறை சொல்லாதீர்கள். இனத்தைச் சொல்லி ஒருவரை ஒரு பகுதிக்குத் தள்ளுவதும் விலக்குவதும் 1968-ல் வந்த சட்டப்படி தப்பு, அதனால்தான் வாய் திறக்கவில்லை.

விலை ஏன் குறைவு என்பதற்கு வருவோம். 1930-களில் அரசாங்கமே நகர வரைபடங்களில் கறுப்பர்கள் வாழும் பகுதிகளுக்குக் கடன் கொடுப்பது ஆபத்து என்று சிவப்பு பூசியது, அதைவிடப் பெரிய அடி, 1934-ல் தொடங்கிய எஃப்ஹெச்ஏ என்ற மத்திய அரசின் வீட்டுவசதி அமைப்பு அங்கெல்லாம் வீட்டுக்கடனுக்குக் காப்பீடு தர மறுத்தது. கடன் கிடைக்காதவர்களிடம் தரகர்கள் புகுந்தார்கள். 1950-களில் லான்டேலில் "கறுப்பர்கள் வருகிறார்கள், விலை விழப்போகிறது" என்று வெள்ளைக்காரர்களைப் பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்கி, அதே வீட்டைக் கறுப்புக் குடும்பங்களுக்குக் கொள்ளை விலையில் தவணைக்கு விற்றார்கள். கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவர் பெயரில்தான். ஒரு மாதம் தவறினால் வீடும் போச்சு, கட்டிய பணமும் போச்சு. தவணைக்கே இரண்டு வேலை பார்த்தவர்கள் ஒழுகும் கூரையை எதை வைத்துச் சரிசெய்வார்கள்? "இவங்களுக்கு வீட்டை வச்சுக்கத் தெரியாது" என்று ஊர் பேசியது, நம்மவர்கள் இன்றும் அதே வசனத்தைத்தான் பேசுகிறார்கள். அப்புறம் 1970-களில் அங்கிருந்த சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்தின் தலைமையகமும் கிளம்பிவிட்டது.

வாங்கலாம், ஆனால் முதலில் வரி ரசீதைப் பாருங்கள். விற்பவர் 65 தாண்டியவர் என்றால் அதில் மூத்தோர் சலுகை கழிந்திருக்கும். அந்தச் சலுகை உங்களுக்கு வராது, தொகை எகிறும். சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் வரிக்காக 3 ஆண்டுக்கொருமுறை வீட்டு மறுமதிப்பீடு வேறு. நீங்களும் உங்களைப் போன்ற நாலு பேரும் கூடுதல் விலை கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரரின் வீட்டு மதிப்பும் அதோடு வரியும் ஏறும், அவர் சம்பளம் ஏறாது, பரம்பரை வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

தாத்தா பெயரிலேயே கிடக்கும் பத்திரங்கள் இங்கே உண்டு, எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்டார்களா என்று பத்திர உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியை வைத்துப் பாருங்கள். தண்ணீர் இணைப்புக் குழாய் ஈயமாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், 1986 வரை சிகாகோவில் அதுதான் விதி.

மாடியில் இருப்பவர்களின் ஒப்பந்தம் வீட்டோடு சேர்ந்தே உங்களிடம் வரும். நகலைக் கேட்டு வாங்குங்கள், காலம் முடியும்வரை நினைத்தபடி வாடகையை ஏற்ற முடியாது.