தங்கம் கிடந்த ஆழம் – கடிதம்

அன்புள்ள சார்,

மெல்பர்னுக்கு வந்து ஆறு வருடமாகிறது. இன்னும் நகரத்தைத் தாண்டி ஒழுங்காக எங்கும் போகவில்லை. இந்த செப்டம்பர் பள்ளி விடுமுறையில் விக்டோரியாவின் பழைய தங்க ஊர்களைக் காரில் சுற்றிவரலாம் என்று திட்டம். பல்லரட், க்ளூன்ஸ், மேரிபரோ, மால்டன், காசில்மெயின், பெண்டிகோ. இரண்டு நாளில் ஆறு ஊர். நான், கணவர், எட்டும் பன்னிரண்டும் வயதான இரண்டு பையன்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா.

அம்மாவின் அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கடைசிக் காலத்தை இருமியே கழித்தார் என்று அம்மா சொல்வாள். "தங்கம் தோண்டின எடத்துல போய்ப் பாக்க என்னடி இருக்கு?" என்கிறாள். பையன்களுக்கோ, தங்கம் கிடைக்குமா என்பது மட்டும்தான் கேள்வி. நீங்கள் அந்தப் பக்கம் போய்வந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். எந்த ஊரை விடலாம்? அம்மாவைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போகலாமா?

(பெயர் வேண்டாம்), மெல்பர்ன்

அன்புள்ள சகோதரி,

இரண்டு நாளில் ஆறு ஊர் என்றால் நீங்கள் பார்க்கப்போவது ஆறு பார்க்கிங் இடங்களைத்தான். மூன்று நாளாக்குங்கள். மேரிபரோவை விட்டுவிடுங்கள். அங்கே ரயில் நிலையம் ஊருக்குச் சம்பந்தமில்லாத பிரம்மாண்டம், அழகுதான், ஆனாலும் விடுங்கள்.

எந்த ஊரை விடுவது என்பதைவிட எந்த ஊரில் தொடங்குவது என்பது முக்கியம். எல்லாரும் பல்லரட்டில் தொடங்குகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். அங்கே தங்கம் தோண்டியவர்கள் அரசை எதிர்த்து நடத்திய யுரேகா கலகத்தைப் பற்றி எல்லாப் பலகைகளையும் வாசித்தேன். ஒரு உரிமச் சீட்டுக்காக மனிதர்கள் ஏன் துப்பாக்கி எடுத்தார்கள் என்பது மட்டும் பிடிபடவில்லை. இரண்டாம் தடவை காசில்மெயினில் தொடங்கியபோது புரிந்தது. மேப்பைப் பார்த்து ஊர்களை வரிசைப்படுத்தாதீர்கள். தங்கம் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று பார்த்து வரிசைப்படுத்துங்கள். காசில்மெயினில் அது காலடியில் கிடந்தது. பல்லரட்டில் நூறடிக்கும் கீழே போய்விட்டது. பெண்டிகோவில் பாறைக்குள் ஒளிந்துகொண்டது. இந்த வரிசையில் போனாலும் மொத்தம் சுமார் 500 கிலோமீட்டரில் வீடு திரும்பிவிடலாம்.

முதல் நாள் காசில்மெயின். 1851இல் இங்கே ஓடைக்கரையில் தங்கம் தென்பட்டது. அடுத்த சில மாதங்களில் பல்லாயிரம் பேர் கூடாரம் அடித்துவிட்டார்கள். மண்வெட்டியும் தட்டும் போதும், முதலாளி வேண்டாம். விளைவை ஊருக்கு வெளியே உள்ள காட்டில் இன்றும் பார்க்கலாம். மேல்மண் போய், சரளையும் குழிகளும் மேடுகளுமாகக் கிடக்கிறது. மரங்கள் எல்லாம் ஒல்லி, வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்த்தவை. அந்த மண்ணின் ஆதிக்குடிகளான ஜா ஜா வுரங் மக்கள் இதைத் தலைகீழாகப் புரட்டப்பட்ட நாடு என்கிறார்கள். பையன்களைப் பாதையை விட்டு இறங்க விடாதீர்கள். மூடாத பழைய ஷாஃப்ட்கள், அதாவது நேர்கீழே இறங்கும் சுரங்கக் குழிகள், புதருக்குள் நிறைய உண்டு. வெயில் ஏற ஆரம்பித்தால் பாம்பும் உண்டு.

தங்கம் கிடைக்குமா? கிடைக்கும், தூசி அளவுக்கு. அதற்கு 'மைனர்ஸ் ரைட்' என்ற உரிமம் வேண்டும். ஆன்லைனிலேயே வாங்கலாம், பத்து வருடம் செல்லும். அனுமதித்த இடங்களில் கைக்கருவிகளால் மட்டும் தோண்டலாம், தோண்டிய குழியை மூட வேண்டும், கிடைத்தது உங்களுக்கே. இந்த உரிமத்தின் பெயரை நினைவில் வையுங்கள், பல்லரட்டில் தேவைப்படும். தட்டை அம்மா கையில் கொடுங்கள். அரிசியில் கல் அரித்த கை அது. அதே வேலைதான்: தண்ணீரில் ஆட்டி ஆட்டி, லேசானதை வெளியே தள்ளி, கனமானதை அடியில் நிறுத்துவது. என்ன, வீட்டில் அடியில் நிற்பதைத் தூர எறிவோம். யூடியூப் பார்த்துவிட்டு வரும் உங்கள் பையன்களைவிட அவர் நன்றாகச் செய்வார் என்று பந்தயமே கட்டுவேன்.

அங்கிருந்து ச்யூட்டன் போகும் வழியில் பென்னிவெயிட் ஃப்ளாட் என்று ஒரு சிறு கல்லறைத் திடல். பென்னிவெயிட் என்பது தங்கம் நிறுக்கும் ஓர் அளவு, ஒன்றரை கிராம் சொச்சம், நம் சவரனில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான் தேறும் என்பதால் அந்தப் பெயர். தங்கம் அதிகம் தேறாத பாறை நிலம் என்பதால்தான் அதைக் கல்லறைக்கு விட்டார்கள். 1852 முதல் 1857 வரை சுமார் இருநூறு பேரைப் புதைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் குழந்தைகள். சேறாகிப்போன ஓடைத் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் போனவர்கள் பலர். பெரும்பாலான குழிகளில் பெயர் இல்லை, கல்லடுக்கிய சின்னச் சின்னச் செவ்வகங்கள்தான். பையன்களுக்கு இதைக் காட்டலாமா என்று யோசிப்பீர்கள். பன்னிரண்டு வயதுக்காரனுக்குக் காட்டலாம். சின்னவனை அம்மா பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் நாள் பல்லரட். சாவரின் ஹில் என்னும் மாதிரி ஊரில் அரை நாள் போய்விடும். குதிரை வண்டி, சிவப்புச் சட்டைச் சிப்பாய், உருகிய தங்கத்தை அச்சில் ஊற்றுவது எல்லாம் உண்டு. நாடகம்தான், ஆனால் நல்ல நாடகம். அங்குள்ள ஓடையில் அவர்களே பொன்துகளைக் கலந்துவைக்கிறார்கள், அதனால் சின்னவனுக்கு ஏமாற்றம் இருக்காது. பெயரையும் அவனுக்குச் சொல்லுங்கள். நம் நகைக்கடைச் சவரனும் இந்த சாவரினும் ஒரே சொல்.

அப்புறம் யுரேகா மையத்துக்குப் போங்கள். ஆழம் இங்கேதான் விஷயமாகிறது. பல்லரட்டின் தங்கம் எரிமலைப் பாறைக்கு அடியில் புதைந்த பழைய ஆற்றுப் படுகைகளில் கிடந்தது. நாலைந்து பேர் சேர்ந்து, தண்ணீரை இறைத்துக்கொண்டே, மாதக்கணக்கில் ஷாஃப்ட் இறக்க வேண்டும். அந்த மாதங்களில் கையில் ஒரு குந்துமணி கிடையாது. உரிமக் கட்டணமோ முதலில் மாதம் 30 ஷில்லிங், 1854இல் மாதம் ஒரு பவுண்டு, தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். போலீஸ் வந்து சீட்டைக் காட்டு என்றால் குழிக்குள்ளிருந்து ஏறிவர வேண்டும். காசில்மெயின் ஓடைக்கரைக்காரனுக்கு அது தொல்லை. பல்லரட்காரனுக்கு அது பட்டினி. 1854 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் சிப்பாய்கள் கலகக்காரர்கள் கட்டிய தடுப்பரணுக்குள் புகுந்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, இருபதுக்கு மேல் செத்தார்கள். தேசத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்ட 13 பேரையும் ஜூரிகள் விடுதலை செய்தார்கள். அடுத்த வருடம் மாதக் கட்டணம் போய், வருடத்துக்கு ஒரு பவுண்டு என்று மைனர்ஸ் ரைட் வந்தது, வாக்குரிமையோடு. உங்கள் பையில் இருப்பது அதன் வாரிசு. தலைவர் பீட்டர் லேலர் அந்தச் சண்டையில் இடது கையை இழந்தார், பிறகு சட்டசபை சபாநாயகரே ஆனார். அவர்களின் தென்சிலுவைக் கொடி அங்கேதான் இருக்கிறது. பல வருடங்களாக ஆளாளுக்கு நினைவுக்கென்று துண்டு கத்தரித்துக்கொண்டு போனதில் மிஞ்சிய பகுதி.

கலகக்காரர்களை ரொம்பவும் வீரர்களாக்கிவிடாதீர்கள். அதே 1855இல்தான் சீனர்கள்மீது தலைக்குப் பத்து பவுண்டு இறங்குவரி வந்தது. அதைத் தப்பிக்க அவர்கள் பக்கத்து மாகாணத்தின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே வந்தார்கள். அவர்களுக்காகப் பெரிதாக யாரும் கொடி பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் க்ளூன்ஸில் ஒரு காபி, மால்டனில் மதியச் சாப்பாடு, பிறகு பெண்டிகோ. மால்டனில் கடைகள் சீக்கிரம் மூடிவிடும். ஒரு வார நாளில் நாலரை மணிக்குப் போய் இறங்கி, காரில் உட்கார்ந்து பிஸ்கட் தின்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

பெண்டிகோவில் சீனர்களின் செங்கல் கோவிலையும் டிராகன் அருங்காட்சியகத்தையும் நேரமிருந்தால் பாருங்கள். சென்ட்ரல் டெபோரா சுரங்கத்தை மட்டும் விடாதீர்கள். 1954 வரை ஓடியது. குவார்ட்ஸ் என்னும் வெண்கற்பாறையை உடைத்துத்தான் தங்கம் எடுக்க வேண்டும், அதற்கு எந்திரமும் கம்பெனியும் பங்குதாரர்களும் வேண்டும். தோண்டுகிறவன் இங்கே கூலிக்காரன். இந்த ஊரின் சில சுரங்கங்கள் ஆயிரம் மீட்டருக்கும் கீழே போயின. டெபோராவின் ஆழம் 412 மீட்டர், சாதாரணச் சுற்றில் 61 மீட்டருக்குக் கூட்டிப்போவார்கள். அம்மாவிடம் 61 மீட்டர் என்று சொன்னால் சிரிப்பார். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது.

அம்மா இறங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மூட்டு ஒத்துழைத்தால் தாராளமாக. கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில்தான் இறக்குவார்கள், ஆனால் உள்ளே நடை உண்டு. முன்பதிவு செய்யும்போதே வயதைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். கீழே பாறை துளைக்கும் டிரில்லைக் காட்டுவார்கள். தண்ணீர் விடாமல் துளைத்த பழைய டிரில்களுக்குத் தொழிலாளிகள் வைத்த பட்டப்பெயர் 'விதவையாக்கி'. அந்த வெண்கல் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு இருமல். உங்கள் தாத்தாவின் இருமலும் பெரும்பாலும் அந்த வகையாகத்தான் இருந்திருக்கும். அந்த இடத்தில் வழிகாட்டி பேசி முடித்த பிறகு அம்மாவைப் பேச விடுங்கள். தமிழிலேயே பேசட்டும், பையன்களுக்கு நீங்கள் சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. செருப்போடு கீழே விடமாட்டார்கள், மூடிய ஷூ கட்டாயம். செப்டம்பருக்கு முன்னாலேயே அம்மாவுக்கு ஒரு ஜோடி வாங்கி, வீட்டுக்குள் நடந்து பழகச் சொல்லுங்கள்.