சாய்வெழுத்துக்குத் தனிக் காசு கொடுக்கணுமா?

கேள்வி: பனங்கருப்பட்டி காய்ச்சி விற்கிறோம். வெளியூருக்கு அனுப்ப புது லேபிள் போடுகிறோம். டிசைன் கூலி போக, 'கேரமாண்ட் இட்டாலிக்' என்ற ஆங்கிலச் சாய்வெழுத்து ஃபான்டுக்கு மட்டும் 3,500 ரூபாய் தனியாகக் கேட்கிறார் டிசைனர். கொடுக்கலாமா? (வாசகி, சாயல்குடி)

பதில்: பில்லைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். ஃபான்டுக்குக் கொடுக்கும் காசு, அதைப் பயன்படுத்தும் உரிமத்துக்கான காசு. பெரும்பாலும் டிசைனர் ஒருமுறை உரிமம் வாங்கிவிட்டால், அதை வைத்து எத்தனை பேருக்கும் லேபிள் செய்து தரலாம். உங்களுக்காகவே புதிதாக வாங்குகிறார் என்றால், பில்லும் உரிமமும் உங்கள் பெயரில் வரட்டும்.

அடுத்து, எந்த கேரமாண்ட் என்று கேளுங்கள். அந்தப் பெயரில் பல ஃபான்ட்கள் உண்டு. பாரிஸில் அச்சுக்காக உலோகத்தில் எழுத்து வெட்டிய கிளாட் கேரமாண்ட் 1561-ல் இறந்துவிட்டார். மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு வரும் கேரமாண்ட், 1621-ல் ழான் ழன்னோன் என்ற பிரெஞ்சு அச்சாளர் வெளியிட்ட எழுத்தின் வழி வந்தது. அந்த எழுத்தைக் கேரமாண்டுடையது என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1926-ல் பியாட்ரிஸ் வார்ட் என்ற ஆய்வாளர்தான் உண்மையை வெளிக்கொண்டுவந்தார். உங்களுக்கு நான் சொல்வது 'ஈபி கேரமாண்ட்'. 1592-ஆம் ஆண்டின் ஓர் எழுத்து மாதிரித் தாளைப் பார்த்துச் செய்தது. அதன் சாய்வெழுத்து, ராபர்ட் கிரான்ஜோன் என்ற அருமையான கைக்காரர் வெட்டியதை ஒட்டியது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது, வியாபாரத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். 3,500 ரூபாய் மிச்சம். ஆனால் டிசைன் கூலியில் கை வைக்காதீர்கள். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடைவெளி பார்த்து வைப்பது அந்தக் கையின் வேலை.

லேபிள் வந்ததும் ஒன்றைச் சரிபாருங்கள். நிமிர்ந்த எழுத்தைக் கம்ப்யூட்டரில் சும்மா சரித்துவிட்டு இட்டாலிக் என்று கொடுப்பவர்கள் உண்டு. ஆங்கிலச் சின்ன 'ஏ'யைப் பாருங்கள். நிமிர்ந்த வடிவத்தில் அதன் வயிற்றுக்கு மேல் ஒரு கொக்கி குடைபோல வளைந்து நிற்கும். அசல் சாய்வெழுத்தில் அந்தக் கொக்கி இருக்காது. ஒரே சுழிப்பில் முடிந்துவிடும். சின்ன 'எஃப்'பின் கால் கோட்டுக்குக் கீழே இறங்கி வளையும். கொக்கி அப்படியே சரிந்து நின்றால் அது போலி. திருத்தித் தரச் சொல்லுங்கள். சாய்வெழுத்து கையெழுத்திலிருந்து பிறந்தது. 1501-ல் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளர் கையடக்கப் புத்தகம் ஒன்றை முழுக்க அதில் அச்சிட்டார். எழுத்தை வெட்டியவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. பேனா ஓடிய ஓட்டம் அதில் இன்னும் தெரியும். கைப்பக்குவத்தில் செய்யும் பண்டத்துக்கு இவ்வளவு பொருந்தும் எழுத்து வேறு இல்லை என்பது என் கட்சி.

அதற்காக லேபிள் முழுவதையும் சாய்த்துவிட வேண்டாம். பண்டத்தின் பெயருக்கும், கீழே ஒரு வரி விளக்கத்துக்கும் போதும். நிகர எடை, விலை, தயாரித்த மாதம், முகவரி, புகார் சொல்ல வேண்டிய எண், 14 இலக்க உணவு உரிம எண் எல்லாம் நிமிர்ந்த, கோட்டு முனைகளில் சின்னக் கால்கள் (செரிஃப்) இல்லாத, தடித்த எழுத்தில் இருக்கட்டும். எடை, விலை போன்ற விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது பொட்டலப் பொருள் விதி. தமிழையும் சேர்த்துப் போடலாம். இன்னொன்று: கேரமாண்டின் கோடுகள் மெல்லியவை. சொரசொரப்பான பிரவுன் தாளில் பொடியாக அடித்தால் அறுந்துபோகும். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக விட்டால் மை பரவி மூடிக்கொள்ளும். மொத்தமாக அடிக்கும் முன் அதே தாளில் ஒன்று அடித்துப் பாருங்கள்.

கேள்வி: கல்யாணப் பத்திரிகையில் ஆங்கிலம் இட்டாலிக்கில் வருகிறது. அதற்குப் பொருத்தமாகத் தமிழையும் சாய்த்துத் தருவதாக அச்சகத்தில் சொல்கிறார்கள். நன்றாக இருக்குமா? (வாசகர், கீழக்கரை)

பதில்: வேண்டாம். ஆங்கிலத்தில் சாய்வுக்கென்று தனி வடிவம் 500 வருஷமாக இருக்கிறது. நம் எழுத்துக்கு அப்படி ஒரு மரபு வளரவில்லை. மெஷினில் சரித்தால் 'ண'வின் சுழிகள் நசுங்கும், 'ழ'வின் வால் இழுபடும். மணமக்கள் பெயரைத் தமிழில் நிமிர்ந்த நல்ல எழுத்தில், ஒரு சுற்று பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் காட்டிய ப்ரூஃபில் ஒரு எழுத்து, அடித்து வந்த பத்திரிகைகளில் வேறு எழுத்து. மீதிப் பணத்தைக் கேட்டு நிற்கிறார்கள். என்ன செய்வது? (வாசகி, தேவிபட்டினம்)

பதில்: அச்சகக் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டால், மென்பொருள் தானாகவே வேறொன்றை மாற்றிப் போட்டுவிடும். எழுத்துகளை வளைகோடுகளாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வரைபடமாக மாற்றியோ, ஃபான்டைப் பிடிஎஃப்பில் பதித்தோ அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது. நீங்கள் ஒப்புக்கொண்ட ப்ரூஃப் போனில் இருக்கிறதே, அதையும் பத்திரிகையையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, மறு அச்சு அல்லது விலைக் குறைப்பு கேளுங்கள். கேட்டதை எழுத்திலும் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். லாப வியாபாரத்துக்காக வாங்கியதற்கு அங்கே இடமில்லை. ஆனால் சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரைச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. சாயல்குடி வாசகியும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.